சுருள் கூட்டை விற்கக் கற்ற ஏழு சனிக்கிழமைகள்

சிறு விண்கலத் தொழில்நுட்பத்தில் ஆய்வு செய்வோருக்குத் தமது ஆக்கங்களைச் சந்தைக்குக் கொண்டுசெல்லக் கற்பிக்கும் பயிற்சிநெறி ஒன்று கொழும்பில் தொடங்கவிருக்கிறது என்று சக விரிவுரையாளர் ஒருவர் சொன்னபோது, செய்மதி செய்வோரை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய இந்த நாட்டில் அதற்கு யார் வந்து சேரப்போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆயினும் முதற் சனிக்கிழமை காலை கொழும்பு 7 இலுள்ள அந்த மண்டபத்துக்குள் நுழைந்தபோது 8 குழுக்கள் அங்கே அமர்ந்திருந்தன. அவர்களில் செய்மதியைத் தொட்டுப் பார்த்தவர்கள் ஒரு சிலரே. விண்ணிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு வயல்களின் ஈரப்பதனைக் கணிப்போர், தரைநிலைய அன்ரனா செய்வோர், மின்கலத்தின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் சுற்றை வடிவமைத்தோர் என்று பலவகைப்பட்டோர் இருந்தனர். கொடுத்த பணத்துக்கும் நேரத்துக்கும் அந்தப் பயிற்சி தகுமா என்று கேட்கும் நண்பர்களுக்குத் தனித்தனியே பதில் எழுதிக் களைத்ததன் விளைவே இந்த மதிப்பீடு. குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டியிருப்பதால் நடத்தியவர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

பயிற்சியின் முறை உள்ளூரில் உருவானதன்று. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம் 2011 இல் ஐ-கோர்ப்ஸ் என்ற பெயரில் தொடங்கிய திட்டமே இதன் மூலம். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் பிளாங்க் கற்பித்த பாடத்தை அடியொற்றி அது அமைந்தது. பின்னர் நாசாவும் தன்னிடம் ஆய்வு நிதி பெறும் சிறு நிறுவனங்களுக்கு அதே பயிற்சியைத் திறந்துவிட்டது. மூவர் கொண்ட குழு, ஏழு வாரம், நூறு நேர்காணல் என்பதே அதன் சட்டகம். ஆய்வை நடத்திய மூத்தவர் ஒருவர், அதைத் தொழிலாக்க முன்னிற்கும் இளையவர் ஒருவர், வணிக உலகம் அறிந்த வழிகாட்டி ஒருவர் என மூவரும் சேர்ந்தே வர வேண்டும். நேர்காணலில் கண்டிப்பான கட்டுப்பாடு ஒன்று உண்டு: உங்கள் பொருளைப் பற்றி நீங்கள் பேசக் கூடாது, எதிரே இருப்பவர் தமது வேலையில் எங்கே இடறுகிறார் என்பதை மட்டுமே கேட்க வேண்டும். இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்கு முன்னால் நின்று பேசிப் பழகிய எனக்கு, வாயை மூடிக்கொண்டிருப்பதே இப்பயிற்சியின் மிகக் கடினமான பாடமாக அமைந்தது.

நாங்கள் கொண்டுசென்ற பொருள் ஒரு காந்த முறுக்குக்கோல், அதாவது செய்மதியைத் திருப்புவதற்காகக் கம்பிச்சுருள் சுற்றிய கோல். 1999 இல் கலிபோர்னியாவின் இரண்டு பல்கலைக்கழகங்களில் வகுக்கப்பட்ட கியூப்சாட் நியமத்தின்படி, 10 சென்ரிமீற்றர் பக்கமுடைய ஒரு கனசதுரமே செய்மதியின் அடிப்படை அலகு. விண்வெளியில் விடப்படும்போது அது தாறுமாறாகச் சுழலும். அந்தச் சுழற்சியை அடக்கிக் கமராவைப் பூமியின் பக்கம் திருப்புவதற்கு, அசையும் பாகம் எதுவுமற்ற மலிவான வழி காந்தச் சுருள்தான். சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது பூமியின் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டு செய்மதியைத் திருப்பும். 0.2 அம்பியர் சதுர மீற்றர் காந்தத் திருப்பம், அதாவது காந்த வலு, உடைய கோல் ஒன்று 40 மைக்ரோதெஸ்லாப் புலத்தில் கொடுக்கும் முறுக்கம், ஒரு நியூற்றன் மீற்றரின் பத்து இலட்சத்தில் எட்டுப் பங்கைத் தாண்டாது; எதிர்த்து நிற்க உராய்வு இல்லாத இடத்தில் அதுவே போதும். எங்கள் கோல் நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த மற்றவற்றைவிடக் குறைந்த மின்சாரத்தில் இயங்கியது. அதைச் சொன்னாலே வாங்குவார்கள் என்று நானும் என் மாணவனும் உறுதியாக நம்பியிருந்தோம்.

முதல் பத்து நேர்காணல்களிலேயே அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. மின்சாரச் சிக்கனத்தைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. பாகங்களை எப்படித் தெரிவு செய்கிறீர்கள் என்று கேட்டால், ஏறத்தாழ எல்லோரும் சொன்ன பதில், ஏற்கெனவே விண்ணில் பறந்து வேலை செய்ததை வாங்குகிறோம் என்பதுதான். கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம் ஆகும் என்ற கதையாக, பறக்காத கோலை வாங்குவாரில்லை, வாங்குவார் இல்லாத கோல் பறக்கப்போவதில்லை. ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று அளக்க நாசா வகுத்த தொழில்நுட்ப ஆயத்த நிலைகளின் ஒன்பது படிகளையும் ஏறி முடித்தால் வணிகம் தானாக வந்து சேரும் என்று ஆய்வாளர்கள் எண்ணிக்கொள்கிறார்கள், ஒன்பதாம் படியில் நிற்கும் பொருளுக்கும் வாங்குவார் இல்லாமல் போகலாம் என்று இரண்டாம் வாரத்தில் பயிற்றுநர் சொன்னது எனக்கு அப்போது எரிச்சலூட்டியது. நான்காம் வாரத்தில் அது உண்மையென்று பட்டது.

திருப்பம் 23 ஆவது நேர்காணலில் வந்தது. யப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகம் நடத்திய பேர்ட்ஸ் திட்டத்தின் கீழ் வங்காளதேசம், பூட்டான், பிலிப்பைன்ஸ், நேபாளம் முதலிய நாடுகளின் இளம் பொறியியலாளர்கள் அங்கே சென்று தத்தம் நாட்டுக்கான கியூப்சாட்களைக் கட்டினர். இலங்கைப் பொறியியலாளர் இருவர் கட்டிய இராவணா-1 உம் அவ்வாறு உருவாகி, 2019 யூன் 17 இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டதுதான். இத்தகைய பயிற்சி பெற்று நாடு திரும்பியோர் சிலரை இணையவழியில் தேடிப் பிடித்துப் பேசினோம். அவர்களது இடறல் ஒன்றாகவே இருந்தது: கையில் அனுபவமும் மடிக்கணினியும் உண்டு, கட்டியதைச் சோதித்துப் பார்க்கக் கருவி இல்லை. அவர்களில் ஒருவர் உரையாடலின் முடிவில், உங்கள் கோலை எதில் வைத்துச் சோதித்தீர்கள் என்று கேட்டார். என் மாணவன் தொலைபேசியை எடுத்துச் சென்று கோலைச் சோதிக்க நாங்களே செய்து ஆய்வுகூட மூலையில் நிறுத்தியிருந்த சுருள் கூட்டைக் காட்டினான். அடுத்த இருபது நிமிடமும் அவர் கேட்டதெல்லாம் கூட்டைப் பற்றியே. அழைப்பு முடிந்ததும் மாணவன், "சேர், கோலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே" என்றான். அவனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கும்தான்.

அந்தக் கூடு எங்கள் பார்வையில் ஒரு பொருளே அன்று. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று சோடிச் சதுரச் சுருள்கள். ஒவ்வொரு சோடியிலும் இரு சுருள்களுக்கிடையிலான தூரம் பக்க நீளத்தின் 0.5445 மடங்காக இருந்தால் நடுவில் சீரான புலம் கிடைக்கும் என்பது பாடநூல் அறிவு. அறையிலுள்ள பூமியின் புலத்தை அது ஈடுசெய்து அழித்துவிட்டு, சுற்றுப்பாதையில் செய்மதி சந்திக்கும் புலத்தை நொடிக்கு நொடி உருவாக்கிக் காட்டும். கொழும்பு காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் இங்கே புலம் கிட்டத்தட்டக் கிடையாகவே கிடக்கிறது. 1963 இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ரொக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தெரிந்தெடுத்ததும் அந்தக் கோட்டின் பொருட்டுத்தான். அலுமினியச் சட்டங்களைப் புறக்கோட்டையில் வாங்கி, பஞ்சிகாவத்தையில் மோட்டார்களுக்குச் சுருள் சுற்றும் ஒரு கடையில் கம்பி சுற்றுவித்தோம். கடைக்காரர் சட்டத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எந்த மோட்டாருக்கு?" என்று கேட்டது இன்றும் நினைவிருக்கிறது.

விலை நிர்ணயம் பற்றிய ஐந்தாம் வார வகுப்பு, முழுப் பயிற்சியிலும் எனக்கு மிகுந்த பயன் தந்தது. கோலை விட்டுக் கூட்டையே விற்க எண்ணிய நாங்கள், கம்பி, அலுமினியம், மின்வழங்கி ஆகியவற்றின் விலையைக் கூட்டி எழுதிய தொகையைப் பயிற்றுநர் பார்த்தார். கூட்டை அளவு திருத்த எத்தனை மணித்தியாலம், வாங்குபவரின் ஆய்வுகூடத்தில் பொருத்திக் கொடுக்கப் போய்வர எத்தனை நாள், ஒரு வருடம் கழித்துப் பழுதென்று மின்னஞ்சல் வந்தால் பதில் சொல்வது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவித்தார். தொகை மூன்று மடங்காயிற்று. வெட்கத்துடன் அந்தப் புதிய விலையை அடுத்த நேர்காணல்களில் மெல்லக் கோடிகாட்டினோம். விலை கூடுதல் என்று எவரும் முறையிடவில்லை. முறைப்பாடு வேறிடத்திலிருந்து வந்தது. 1.2 மீற்றர் பக்கமுள்ள கூட்டை எப்படி விமானத்தில் அனுப்புவீர்கள், எங்கள் ஆய்வுகூடக் கதவுக்குள்ளால் அது எப்படி நுழையும் என்று காத்மண்டுவிலிருந்து ஒருவர் கேட்டார். காந்தப்புலத்தின் சீர்மையை ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளந்து வைத்திருந்த நாங்கள் கதவின் அகலத்தை எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஒழுங்குமுறைகள் பற்றிய அரைநாள் அமர்வையும் பாராட்ட வேண்டும். தொலைத்தொடர்புத் துறையில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், திரையில் ஒரு படமும் இல்லாமல், வெண்பலகையில் எழுதியே அதை நடத்தினார். பல்கலைக்கழகங்களின் சிறு செய்மதிகள் பெரும்பாலும் வானொலி ஆர்வலர்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் பேசுகின்றன. காசுக்கு விற்கும் சேவைக்கு அந்த அலைவரிசைகளைப் பயன்படுத்த முடியாது. வேறு அலைவரிசை வேண்டுமானால் நாட்டின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் ஊடாகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்குச் செல்ல வேண்டும் என்று அவர் விளக்கியபோது, அன்ரனா செய்யும் குழுவினர் தமது திட்டத்தின் மூன்றாம் பக்கத்தைக் கிழித்தே விட்டார்கள். 1967 ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தின் 6 ஆம் உறுப்புரைப்படி, தனியார் அனுப்பும் செய்மதிக்கும் அவர்களது அரசே பொறுப்பாளி என்பதையும், 2022 இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, தாழ் சுற்றுப்பாதைச் செய்மதிகள் பணி முடிந்து இறங்க வேண்டிய கால எல்லையை 25 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகச் சுருக்கியதையும் அவர் அதே அமர்வில் தொட்டுச் சென்றார். இந்த அமர்வு இரண்டாம் வாரத்தில் நடந்திருக்க வேண்டும். ஆறாம் வாரத்தில் வைத்தது பெரும் பிழை.

இனிக் குறைகள். அயல்நாட்டிலிருந்து இணையவழியாகத் தோன்றிய தலைமைப் பயிற்றுநர், மூன்றாம் வாரம் முழுவதையும் சிறு நிறுவனங்களுக்கு ஆய்வு நிதி தரும் அமெரிக்காவின் சிறு வணிகப் புத்தாக்க ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முறையைக் கற்பிப்பதில் செலவிட்டார். 1982 இல் சட்டமாக்கப்பட்ட அத்திட்டம் சிறப்பானதுதான். பல விண்வெளி நிறுவனங்கள் அதில் பால் குடித்தே வளர்ந்தன. ஆனால் அது அமெரிக்காவில் இயங்கும், அமெரிக்கர் வசமுள்ள நிறுவனங்களுக்கே உரியது. மண்டபத்தில் இருந்த இருபத்து நான்கு பேரில் ஒருவராலும் அந்தப் படிவத்தின் முதல் வரியைக்கூட நிரப்ப முடியாது என்பதை யாரோ ஒருவர் தயக்கத்துடன் எடுத்துச் சொன்னபோது, கோட்பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. கட்டணம் கட்டியவர்களுக்கு அது பதிலாகாது.

அந்த நேரத்தில் பேசியிருக்க வேண்டியவை எத்தனையோ இருந்தன. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவித்த நாட்களில், சில வாரங்களுக்குள் டொலரொன்று 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயை எட்டியதை நாம் எல்லோரும் கண்டவர்கள். ரூபாயில் சம்பளம் பெற்று, டொலரில் உதிரிப்பாகம் வாங்கி, மீண்டும் டொலரில் விற்க நினைக்கும் ஒருவர் விலைப்பட்டியலை எந்த நாணயத்தில் எழுதுவது, எத்தனை நாளுக்கு அந்த விலை செல்லும் என்று குறிப்பது ஆகியவை இங்கே தலையாய கேள்விகள். அரச பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் கொம்பனிப் பணிப்பாளராக இருக்க யாரிடம் அனுமதி பெறுவது, பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பிறந்த பொருளின் உரிமை யாருக்கு என்பவை பற்றியும் ஒரு சொல் இல்லை. மாதிரியாகக் காட்டப்பட்ட பிரித்தானியாவின் சரே பல்கலைக்கழகத்தின் கதை, 1985 இல் 100 பவுண் முதலீட்டில் மார்ட்டின் ஸ்வீட்டிங் தொடங்கிய செய்மதி நிறுவனம் பின்னர் ஐரோப்பியப் பெருநிறுவனமொன்றின் கைக்குப் போன கதை, இந்தக் கேள்விகளைக் கிளப்புவதற்கு நல்ல வாய்ப்பாக இருந்தது. பயிற்றுநர் அதை வெற்றிக் கதையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோனார்.

அயல் நாட்டைக் கண்ணெடுத்தும் பாராதது இன்னொரு குறை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேர்விட்டு 2024 மே மாதம் சோதனை ரொக்கெட் ஒன்றைச் செலுத்திய அக்னிகுல் என்ற நிறுவனம் பற்றி எவரும் பேசவில்லை. இந்தியாவின் சிறீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து, துருவங்களுக்கு மேலாகச் செல்லும் துருவப் பாதைக்கு ஏறும் ரொக்கெட் இலங்கைக்கு மேலாகப் பறப்பதைத் தவிர்க்க வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. அந்த வளைவில் வீணாகும் எரிபொருள் சிறிய ரொக்கெட்டுக்குப் பெருஞ்சுமை என்பதாலேயே, மன்னார் வளைகுடாவின் அக்கரையிலுள்ள குலசேகரன்பட்டினத்தில் 2024 பெப்ரவரியில் சிறு ரொக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நமது தீவு குறுக்கே கிடப்பதால் எழும் ஏவுதளம் ஒன்று கூப்பிடு தூரத்தில் உருவாகி, அதன் வாடிக்கையாளர்களுக்குச் செய்மதிகளைச் சோதிக்க ஆய்வுகூடங்களும் தேவைப்படும்போது, கொழும்பில் நடக்கும் பயிற்சியில் அது ஒரு தடவையேனும் பேச்சில் வந்திருக்க வேண்டாமா?

ஆக்கவுரிமை (பேட்டன்ற்) பற்றிய வகுப்பில் பயிற்றுநர் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கை எடுத்துக்காட்டாகச் சொன்னார்: 1945 ஒக்டோபரில், பூமியில் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் சுற்றும் புவிநிலைச் செய்மதிகளால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று எழுதியவர், அதற்கு உரிமை எடுக்காமல் விட்டுவிட்டார் என்று. அவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர் என்பதும், அவரது பார்ன்ஸ் பிளேஸ் வீடு நாங்கள் இருந்த அதே கொழும்பு 7 இல்தான் என்பதும் பயிற்றுநருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைவிட, எடுத்துக்காட்டே முழுமையற்றது. அன்றைய பிரித்தானியச் சட்டப்படி ஆக்கவுரிமையின் காலம் 16 ஆண்டு. புவியோடு ஒத்துச் சுற்றிய முதல் செய்மதியான சின்கொம் 2 ஏறியது 1963 இல். எடுத்திருந்தாலும் கைக்கு ஒரு சதம் வந்திராது. காலத்துக்கு முந்திய கருத்துக்கு உரிமைப் பத்திரம் உதவாது என்பதே அங்கே கற்பிக்க வேண்டிய பாடம். ஆனாலும் அதே வகுப்பில் கிடைத்த ஒரு தகவல் எங்களுக்கு நேரடியாக உறைத்தது: விண்ணப்பிக்கும் முன் தானே வெளியிட்ட கட்டுரையும் ஐரோப்பாவில் உரிமையைக் கெடுத்துவிடும், அமெரிக்காவிலோ ஓராண்டு அவகாசம் உண்டு. எங்கள் கோலைப் பற்றிய ஆய்வுரையை மாணவன் முந்திய ஆண்டே மாநாடொன்றில் படித்து முடித்திருந்தான்.

மண்டபத்தின் குளிரூட்டி ஓயாமல் இரைந்தது. மதிய உணவு நன்றாகவே இருந்தது. வகுப்புகள் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தன. குழுக்களுக்குள் தமிழும் சிங்களமும் கலந்து ஓடின. வடக்கிலிருந்து வந்த ஒரு குழு, வவுனியா விவசாயிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஆங்கிலப் படிவத்திலிருந்து தமிழாக்கும்போது, உங்கள் வலி எது என்ற பொருள்படும் கேள்வியை அப்படியே கேட்டுவிட, முதியவர் ஒருவர் முழங்காலைக் காட்டினாராம். படிவங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் நடத்துநர்களே ஆக்கித் தருவது அவர்களுக்குப் பெரிய செலவாகாது.

எங்களுக்கு அமைந்த வழிகாட்டி ஏற்றுமதித் தொழிலில் பழுத்த பெண்மணி. செய்மதி பற்றி ஒன்றும் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதுவே எங்களுக்கு வாய்ப்பாயிற்று, எதையும் சாதாரணத் தமிழில் அவருக்கு விளக்க வேண்டியிருந்ததால் எங்கள் தெளிவின்மை எங்களுக்கே தெரிந்தது. வேறு சில குழுக்களின் வழிகாட்டிகள் மூன்றாம் வாரத்துக்குப் பின் தலைகாட்டவில்லை. ஆகவே சேர நினைப்பவர்கள் வழிகாட்டியைத் தாமே தேடிக்கொண்டு போவது நல்லது. கட்டணம், மூவருக்கும் சேர்த்து, எனது ஒரு மாதச் சம்பளத்தைச் சற்றுத் தாண்டியது. அதில் பாதியைப் பல்கலைக்கழகம் ஏற்றது. முழுவதையும் சொந்தக் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தால், மேசைமீது வைத்துக் காட்டக்கூடிய ஒரு பொருளாவது கையில் இல்லாதவர்கள் அடுத்த தொகுதிவரை பொறுத்திருக்கலாம். எண்ணத்தை மட்டும் கொண்டுவந்த இரு குழுக்கள் ஐந்தாம் வாரத்தில் நின்றுவிட்டன. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மூன்றாம் வாரத்தை அடியோடு மாற்றினால் நான்கரை.

நூறு நேர்காணல் என்ற இலக்கை எந்தக் குழுவும் எட்டவில்லை. நாங்கள் 61 இல் நின்றோம். கடைசிச் சனிக்கிழமை ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிடம் தரப்பட்டது. தீர்ப்பாளர் ஒருவர் எங்களிடம் சந்தையின் அளவையோ முதலீட்டையோ கேட்காமல், திங்கட்கிழமை காலை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். மாணவன் என்னைப் பார்த்தான்; பஞ்சிகாவத்தைக்குப் போவோம் என்றேன். சபை சிரித்தது.

திங்கட்கிழமை அந்தக் கடைக்குப் போய் இரண்டாவது கூட்டுக்கான சுருள்களுக்கு முற்பணம் கொடுத்தோம். முன்பு செய்தது போலவா என்று கடைக்காரர் கேட்டார். இல்லை, ஒவ்வொரு சுருளும் நான்கு துண்டாகக் கழன்று ஒரு பெட்டிக்குள் அடங்க வேண்டும், கம்பி அறுபடாமல் மூலைகளில் இணைப்பான் வைத்து மீண்டும் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று மாணவன் தாளில் வரைந்து காட்டினான். அவர் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, மூலைக்கு எத்தனை முனை வரும், தம்பி, என்று கேட்டார்.